மருந்து தோற்றதா, போய்ச் சேரவே இல்லையா? நிகோட்டின் மாற்றுச் சிகிச்சையில் இருமுறை கைவிட்ட ஒருவரின் நிகழ்வு ஆய்வு

புகைப்பழக்கத்தை விட விரும்பிச் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறையாவது முயன்று பார்த்தவர்கள். புகையில்லாமல், கம், பேட்ச் (தோலில் ஒட்டும் பட்டை) போன்றவற்றால் நிகோட்டினை மட்டும் தருவதே நிகோட்டின் மாற்றுச் சிகிச்சை. என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், "நிகோட்டின் கம் மென்று பார்த்தேன், எனக்கு அது வேலைக்கு ஆகவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். ஏறிய பிறகு அடுத்து வரும் மருத்துவர் அந்த மருந்தை மறுபடி நினைத்துப் பார்ப்பதில்லை. நோயாளியும் தன் மனவுறுதியில்தான் குறை என்று முடிவுகட்டிக்கொள்கிறார். இங்கே எழுதப்படும் நிகழ்வு அத்தகைய ஒருவருடையது. அவருடைய பழைய இரண்டு தோல்விகளையும் அளவு, முறை, நேரம் என்று கூறுகூறாகக் கேட்டுப் பார்த்தபோது, மருந்து அவர் உடலுக்குள் போதிய அளவில் போகவே இல்லை என்பது தெரிந்தது. அவர் ஒப்புதலுடன் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் பின்னணியும்

வயது 47, ஆண். அச்சகத்தில் இயந்திரம் இயக்குபவர், பெரும்பாலும் இரவுப் பணி. இருபதாவது வயதில் தொடங்கிய பழக்கம். கடந்த பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு 25 சிகரெட். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுக்கிறார், கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீரிழிவோ மனநல நோயோ இல்லை. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குகிறது என்று பொது மருத்துவரிடம் போயிருக்கிறார். அங்கே செய்த மூச்சுத்திறன் சோதனையில் காற்றுக்குழாய் அடைப்பு தொடக்கநிலையில் இருப்பது தெரிந்தது. அந்த அச்சத்தோடுதான் எங்களிடம் வந்தார்.

நிகோட்டின் சார்பு எவ்வளவு என்பதை அறிய ஃபேகர்ஸ்ட்ராம் வினாத்தாளைப் பயன்படுத்தினோம். 1991-இல் இன்றைய வடிவத்தைப் பெற்ற ஆறு கேள்விகள் கொண்ட இந்தச் சோதனையில் உச்ச மதிப்பெண் 10. இவர் பெற்றது 8. விழித்து ஐந்து நிமிடத்திற்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்பதற்கே இதில் மூன்று மதிப்பெண். அந்த ஒரு கேள்வியைத்தான் நான் எப்போதும் முதலில் கேட்பேன். நாளுக்கு எத்தனை என்பதை மக்கள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். தூங்கி எழுந்ததும் கை எதைத் தேடுகிறது என்பதை மறைக்கத் தோன்றாது. நிகோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். ஆகவே ஏழெட்டு மணி நேரம் தூங்கி எழும் ஒருவரின் உடலில் அது அடிமட்டத்திற்கு வந்திருக்கும். எழுந்தவுடன் புகைத்தே ஆக வேண்டியவருக்கு அந்த வெறுமை அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதே பொருள்.

வெளிவிடும் மூச்சில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 27 பங்கு இருந்தது. பொதுவாக 10-க்கு மேற்பட்டால் புகைப்பவர் என்று கொள்கிறோம்.

முந்தைய இரண்டு முயற்சிகள்

முதல் முயற்சி நான்கு ஆண்டுகளுக்கு முன். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிய 2 மி.கி. நிகோட்டின் கம். நாளுக்கு நான்கோ ஐந்தோ. எப்படி மென்றார் என்று கேட்டபோது, சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றதாகச் சொன்னார். எப்போது மென்றார் என்று கேட்டபோது, காபி குடிக்கும்போதுதான் சிகரெட் ஞாபகம் அதிகம் வரும் என்பதால் காபியோடு மென்றதாகச் சொன்னார். இரண்டு நாளில் விக்கல், நெஞ்செரிச்சல், தாடை வலி. பின்கடைவாயில் போட்டிருந்த செயற்கைப் பல்லில் கம் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. ஒன்பதாம் நாள் மறுபடி பற்றவைத்தார்.

இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணம். நிகோட்டின் கம் விழுங்கிச் செரிக்க வேண்டிய மருந்தன்று. அதிலுள்ள நிகோட்டின் ஒரு பிசினோடு பிணைக்கப்பட்டிருக்கும்; மெல்லும்போது சிறிது சிறிதாக வெளிவரும்; கன்னத்தின் உட்சவ்வு வழியாக இரத்தத்தில் கலக்கும். அப்படிக் கலப்பதற்கு வாயில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை இருக்க வேண்டும் என்பதால் கம்மிலேயே காரஉப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. காபியும் பழச்சாறும் குளிர்பானங்களும் அமிலத்தன்மை உடையவை. அவற்றைக் குடித்துக்கொண்டே மென்றால் நிகோட்டின் உட்சவ்வைக் கடக்க முடியாமல் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். வயிற்றிலிருந்து உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது விக்கலும் எரிச்சலும்தான். ஆகவேதான் மெல்லும்போதும் அதற்கு முந்தைய 15 நிமிடங்களிலும் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்கிறோம். சில முறை மென்று, உறைப்புச் சுவையோ கூச்சமோ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் நீடிக்கும்.

இனி அளவு. ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேரும் நிகோட்டின் சுமார் 1 முதல் 1.5 மி.கி. என்று கொண்டால், இவருக்கு நாளுக்கு 25 மி.கி.க்குக் குறையாமல் சேர்ந்துகொண்டிருந்தது. 2 மி.கி. கம்மைச் சரியாக மென்றால் ஏறத்தாழ 1 மி.கி. கிடைக்கும். இவர் மென்ற முறையில் அதுவும் கிடைத்திருக்காது. அதாவது 25 கேட்ட உடலுக்கு நாலைந்தும் கிடைக்கவில்லை. கம் உறைகளில் அச்சிடப்பட்டுள்ள வழிகாட்டுதலின்படி முதல் ஆறு வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் மெல்ல வேண்டும். விழித்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி. அளவே உரியது. 4 மி.கி. கம்மும் 2 மி.கி. கம்மும் ஒப்பிடப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும், சார்பு அதிகமுள்ளவர்களிடம் பெரிய அளவே கூடுதல் பலன் தந்ததாகக் காட்டுகிறது.

இரண்டாவது முயற்சி ஒன்றரை ஆண்டுக்கு முன். இம்முறை பேட்ச். இருப்பதில் நடுத்தரமானது பாதுகாப்பு என்று எண்ணி 14 மி.கி. வாங்கியிருக்கிறார். நாள்தோறும் ஒரே தோளில் ஒரே இடத்தில் ஒட்டினார். தோல் சிவந்து அரித்தது. தூங்கும்போதும் கழற்றவில்லை, கனவுகள் மிகத் தெளிவாகவும் தொந்தரவாகவும் வந்தன. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு பதின்மூன்று நாள் புகைக்காமல் இருந்திருக்கிறார் என்பதைக் கேட்டபோது, இவரிடம் மனவுறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும் என்றுதான் தோன்றியது. பதினான்காம் நாள் பணியிடத்தில் ஒரு சிகரெட் புகைத்தார். உடனிருந்த ஒருவர், பேட்ச் ஒட்டிக்கொண்டு புகைத்தால் மாரடைப்பு வரும் என்று எச்சரித்தார். பயந்துபோன இவர், பேட்ச்சைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சிகரெட்டைத் தொடர்ந்தார்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்ற நிலையில், புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் குறைந்தது 70-ம் கார்பன் மோனாக்சைடும் அடங்கிய புகையை வைத்துக்கொண்டு, நிகோட்டினை மட்டுமே தரும் மருந்தை அவர் விட்டார். அந்த அச்சத்தை ஊட்டியவரையும் குறை சொல்ல முடியாது. பழைய பேட்ச் உறைகளிலேயே அப்படியொரு எச்சரிக்கை இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல்தான் அதை நீக்கியது. புகைத்துவிட்டாலும் மருந்தை நிறுத்தாமல் முயற்சியைத் தொடரலாம் என்ற பொருளில் உறை வாசகமும் மாற்றப்பட்டது. எச்சரிக்கை அச்சிலிருந்து போய்விட்டது. மக்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

சிகிச்சையைத் திட்டமிட்ட விதம்

குறிப்பேட்டில் இருந்த "நிகோட்டின் மாற்று: பலனில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, "கம் 2 மி.கி., நாளுக்கு 4–5, காபியுடன், 9 நாள். பேட்ச் 14 மி.கி., 14 நாள், தவறான அச்சத்தால் நிறுத்தம்" என்று எழுதினோம். அதன்பின் என்ன செய்வது என்பது ஓரளவு தானாகவே விளங்கியது.

இருவகை மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதென முடிவெடுத்தோம். பேட்ச் தோல் வழியே மெதுவாக, சீராக நிகோட்டினைத் தரும். நாள் முழுவதற்குமான அடித்தளம் அது. ஆனால் ஒரு சண்டை, ஒரு அலுப்பு, எதிரில் ஒருவர் பற்றவைக்கும் காட்சி ஆகியவற்றால் திடீரென எழும் தவிப்பை அது அடக்காது. அதற்குக் கையில் வேகமாகச் செயல்படும் ஒன்று வேண்டும். சிகரெட் புகை நிகோட்டினைச் சில நொடிகளில் மூளைக்குக் கொண்டுபோகிறது. அந்த வேகத்திற்கு எந்த மாற்று மருந்தும் ஈடில்லை. ஈடில்லாததுதான் அதன் நன்மையும், ஏனெனில் அடிமைப்படுத்துவதில் அந்த வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பேட்ச்சுடன் வேகமான வடிவம் ஒன்றைச் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிட வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ 25 விழுக்காடு கூட்டுகிறது என்பது 2019-இன் காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு.

பேட்ச் 21 மி.கி. வேகமான வடிவமாகக் கம்மை விட்டுவிட்டுச் சப்பும் மாத்திரையைத் தேர்ந்தோம், காரணம் செயற்கைப் பல். சப்பும் மாத்திரை முழுவதும் கரைந்துவிடுவதால் அதே அளவுள்ள கம்மைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிகோட்டின் கிடைக்கும். பேட்ச்சுடன் சேர்க்கையில் 2 மி.கி. போதும் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. இவருடைய ஐந்து நிமிடக் கணக்கைப் பார்த்து நாங்கள் 4 மி.கி. கொடுத்தோம். கடிக்காமல், விழுங்காமல், வாயில் இடம் மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் கரைய விட வேண்டும். காபி விதி இதற்கும் உண்டு. முதல் மாத்திரையை என் முன்னாலேயே வாயில் போடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கடிக்கப் போனார், தடுத்தேன். வாயால் சொல்வதைவிட இது பலமடங்கு பயனுள்ளது என்பது என் அனுபவம்.

புகையை விட உதவும், நிகோட்டின் இல்லாத வரெனிக்ளின் மாத்திரையைப் பற்றியும் பேசினோம். இருவகை நிகோட்டின் மாற்றுக்கு நிகரான பலன் உடையது அது. இவர் இன்னொரு மாத்திரை வேண்டாம் என்றார், அதோடு விட்டோம்.

இதயம் பற்றிய அச்சத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர், மாரடைப்பு என்ற சொல்லால் ஒருமுறை பயமுறுத்தப்பட்டவர். இதய நோய் உள்ள 584 பேரிடம் பேட்ச்சையும் மருந்தில்லாப் பேட்ச்சையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியான ஆய்வில், மருந்துள்ள பேட்ச் இதய நிகழ்வுகளைக் கூட்டவில்லை. அண்மையில், அதாவது இரண்டு வாரத்துக்குள், மாரடைப்பு வந்தவர்கள், கடுமையான இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், மோசமாகிவரும் நெஞ்சுவலி உள்ளவர்கள் ஆகியோரிடம் கவனம் தேவை. இவர் அந்த வகையில் இல்லை. இதய மின்வரைவும் இயல்பாக இருந்தது.

அடுத்த முடிவு சற்றுத் துணிந்து எடுத்தது. புகையை நிறுத்தும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பாகவே பேட்ச்சைத் தொடங்கச் சொன்னோம், வழக்கம்போல் புகைத்துக்கொண்டே. இப்படி முன்கூட்டித் தொடங்குவது வெற்றி வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்பதற்கு ஓரளவு வலுவான சான்று இருக்கிறது. ஆனால் இவர் விஷயத்தில் எனக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. பேட்ச்சும் சிகரெட்டும் சேர்ந்தால் செத்துவிடுவோம் என்று நம்பும் ஒருவருக்கு, அது உண்மையில்லை என்று வாயால் சொல்லிப் பயனில்லை; அவர் உடலே அதைக் கண்டுகொள்ள வேண்டும். புகைப்பவர் தமக்குத் தெரியாமலே தம் நிகோட்டின் அளவைச் சீர்செய்துகொள்கிறார். பேட்ச்சிலிருந்து கிடைக்கும்போது ஒவ்வொரு இழுப்பையும் குறைத்துக்கொள்வார். அளவு மிஞ்சினால் முதலில் தெரிவது குமட்டல், தலைச்சுற்றல், வியர்வை. அப்படித் தோன்றினால் சிகரெட்டை அணையுங்கள், பேட்ச்சைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தோம்.

சிகிச்சையின் போக்கு

இரண்டு வாரத்தில் அவராகவே 25-இலிருந்து 16-க்கு இறங்கியிருந்தார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. "பாதி சிகரெட்டுக்கு மேல இழுக்கப் பிடிக்கல டாக்டர், சப்புன்னு இருக்கு" என்றார். மூச்சில் கார்பன் மோனாக்சைடு 17. ஒருநாள் மட்டும் லேசான குமட்டல். அச்சம் போயிருந்தது.

நிறுத்தும் நாளாக வாரவிடுப்பின் முதல் நாளைத் தேர்ந்தார். பேட்ச்சை எப்போது கழற்றுவது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. 24 மணி நேரமும் ஒட்டியிருந்தால் விழிக்கும்போதே இரத்தத்தில் நிகோட்டின் இருக்கும்; விழித்ததும் புகைப்பவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் கனவுத் தொல்லையால் தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் கூடி, அதுவே புகைக்கத் தூண்டும். இவருக்குப் பழைய அனுபவம் கசப்பாக இருந்ததால், தூங்கப் போகும்போது கழற்றிவிடச் சொன்னோம். இரவுப் பணியாளர் என்பதால் "இரவில் கழற்றுங்கள்" என்ற வழக்கமான சொல் இவருக்குப் பொருந்தாது. அப்படியே பின்பற்றியிருந்தால் வேலை நேரம் முழுவதும் மருந்தில்லாமல் நின்றிருப்பார். விழித்ததும் புதிய பேட்ச் ஒட்டி, உடனே ஒரு சப்பும் மாத்திரை. பல் துலக்குவது, காபி எல்லாம் அது கரைந்த பிறகு. பேட்ச் வேலை செய்யத் தொடங்கச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியை மாத்திரை நிரப்பும். ஒட்டும் இடத்தை நாள்தோறும் மாற்றி, ஒரு வாரத்திற்குள் அதே இடத்திற்குத் திரும்பாமல் பார்த்துக்கொண்டார். அரிப்பு வந்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளும் அளவில். கழற்றிய பேட்ச்சில் மருந்து மிச்சமிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி எறியவும் சொன்னோம்.

நிறுத்திய ஏழாம் நாள் மூச்சில் கார்பன் மோனாக்சைடு 3. நாளுக்கு ஒன்பது அல்லது பத்து மாத்திரை எடுத்திருந்தார். இது அதிகமோ என்று அவரே தயங்கிக் கேட்டார். பொதுவாக மக்கள் இந்த மருந்துகளைக் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். அதிகமாக எடுப்பவரைப் பார்ப்பது அரிது. தவிப்பு வந்தபின் போடாமல், வரும் என்று தெரிந்த நேரத்திற்குக் கால்மணி முன்பாகவே போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை. நிகோட்டின் கூடிப்போய்விட்டது, பேட்ச்சை 14-க்குக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். குமட்டல் இருக்கிறதா என்றேன்; இல்லை. வியர்வை? இல்லை. மருந்து கூடியதற்கான அறிகுறிகள் இவை என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்து போதாமல் வரும் விலகல் அறிகுறி என்றாலும் முழுதாகப் பொருந்தவில்லை. எத்தனை காபி என்று கேட்டேன். ஏழு. புகைத்த காலத்திலும் ஏழுதானே, அதில் என்ன மாற்றம் என்று கேட்டார்.

மாற்றம் அவர் கல்லீரலில் நடந்திருந்தது. புகையிலுள்ள தார்ப் பொருள்கள் சிஒய்பி1ஏ2 என்னும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. காபியிலுள்ள காஃபினைச் சிதைப்பது அந்த நொதிதான். புகைப்பவர் உடலில் காஃபின் விரைவாகக் கழிந்துவிடும். புகையை நிறுத்தினால் சில நாள்களில் நொதியின் வேகம் இயல்புக்குத் திரும்புகிறது. அதே ஏழு கோப்பைக்கு இரத்தத்தில் காஃபின் இருமடங்கு வரை ஏறக்கூடும். நிகோட்டின் இந்த நொதியைத் தூண்டுவதில்லை என்பதால் பேட்ச் ஒட்டியிருப்பது இதைத் தடுக்காது. மூன்று கோப்பையாகக் குறைக்கச் சொன்னேன். பேட்ச் அளவை மாற்றவில்லை. அதிலிருந்து ஐந்தாம் நாள் நடுக்கமும் படபடப்பும் அடங்கிவிட்டன. அன்று பேட்ச்சைக் குறைத்திருந்தால் மூன்றாவது தோல்விக்கு நாமே வழி செய்திருப்போம் என்று நினைக்கிறேன். இதே காரணத்தால் மனநல மருந்துகளான குளோசபின், ஒலான்சபின், மூச்சுத்திணறலுக்குத் தரும் தியோஃபிலின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள் புகையை நிறுத்தும்போது அவற்றின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். இவருக்கு அந்த மருந்துகள் இல்லை. இருக்கும் நோயாளிகளிடம் இதை மறப்பது ஆபத்து.

ஐந்தாம் வாரம் சறுக்கல். நள்ளிரவில் இயந்திரம் பழுதாகி, காலைக்குள் முடிக்க வேண்டிய வேலை நின்றுபோன பதற்றத்தில், பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கி இரண்டு சிகரெட் புகைத்துவிட்டார். மறுநாளே வந்தார். பேட்ச் தோளில் இருந்தது. சட்டையை விலக்கி அதைக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஒன்றரை ஆண்டு முன்பு நேர்ந்த அதே சம்பவம், அதே பணியிடம், ஆனால் இம்முறை விட்டது சிகரெட்டை. சிகிச்சையில் எதையும் மாற்றவில்லை. அந்த நேரத்தில் மாத்திரை டப்பா பூட்டிய அலமாரியில் இருந்தது தெரியவந்ததால், சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுமாறு சொன்னேன். அதன்பின் அவர் புகைக்கவில்லை.

21 மி.கி. பேட்ச், புகையை நிறுத்தும் நாளிலிருந்து ஆறு வாரம் என்பது வழக்கம். சறுக்கலைக் கருதி எட்டு வாரம் தொடர்ந்தோம். பின் 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பேட்ச்சை நிறுத்தியபோது பெரிய தவிப்பு எதுவும் இல்லை. ஆறாம் மாதம் மூச்சில் கார்பன் மோனாக்சைடு 2. எடை நான்கு கிலோ கூடியிருந்தது. புகையை விடுபவர்களுக்கு முதல் ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுவது அறியப்பட்டதே. இதை முதல் நாளிலேயே சொல்லியிருந்ததால் அவர் மனம் தளரவில்லை.

சப்பும் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. உறையில் சொல்லப்படுவது 12 வாரம். ஆறாம் மாதத்தில் நாளுக்கு மூன்று, 2 மி.கி. அளவில். பன்னிரண்டாம் மாதத்தில் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. அச்சகத்தில் இரவு இரண்டு மணிக்குத்தான் அந்த ஒன்று. இதை நிறுத்தச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

விவாதம்

நிகோட்டின் கம் எங்கிருந்து வந்தது என்பதை நோயாளிகளுக்குச் சில நேரம் சொல்வதுண்டு, அதன் வடிவத்துக்கான காரணம் அந்த வரலாற்றிலேயே இருப்பதால். சுவீடனின் லுண்ட் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த கிளாஸ் லுண்ட்கிரென், புகைக்கத் தடையுள்ள நீர்மூழ்கிக் கப்பல்களில் மாலுமிகள் சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் புகையிலைக்கு எளிதாக மாறிக்கொள்வதைக் கவனித்து, 1967-இல் ஹெல்சிங்போர்க்கிலிருந்த லியோ மருந்து நிறுவனத்தின் ஓவே ஃபெர்னோவுக்குத் தெரிவித்தார். ஃபெர்னோ தாமே கடுமையாகப் புகைத்தவர். நிகோட்டின் வாய்ச்சவ்வு வழியே போகக்கூடும், புகை தேவையில்லை என்பதே அந்தக் கவனிப்பின் உட்பொருள். பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1978-இல் சுவிட்சர்லாந்திலும் 1984-இல் அமெரிக்காவிலும் கம் அனுமதி பெற்றது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் நிகோட்டின் மாற்றுச் சிகிச்சையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. வாய்ச்சவ்வைக் கடக்கச் செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு மருந்தை, எப்படி மெல்வது என்று சொல்லாமல் கையில் கொடுப்பது, ஊசி மருந்தைக் குப்பியோடு கொடுத்துக் குடித்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒப்பானது என்றே எனக்குப் படுகிறது.

மருந்தின் பலனை மிகைப்படுத்தவும் கூடாது. 2018-இன் காக்ரேன் மதிப்பாய்வு 133 ஆய்வுகளில் 64,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்து, நிகோட்டின் மாற்று வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு கூட்டுகிறது என்று கண்டது. எந்த உதவியுமின்றி விடுபவர்களில் ஆறு மாதம் அல்லது ஓராண்டு தாண்டி நிலைப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். அந்தச் சிறிய அடித்தளத்தின்மேல் கட்டப்படும் கூடுதல் இது. மருந்து எடுத்தும் பெரும்பாலான முயற்சிகள் முதல் தடவையில் நிலைப்பதில்லை. இதை மறைத்து "இதை எடுத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்வதால்தான் தோற்றவர் தம்மையே வெறுத்துக்கொண்டு திரும்பிவராமல் போகிறார்.

இந்த நிகழ்விலிருந்து இது இதனால்தான் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அளவு கூடியது, வடிவம் இரண்டானது, முன்கூட்டித் தொடங்கியது, நேரில் கற்பித்தது, காபி குறைந்தது, ஓராண்டு முழுவதும் பதினொரு முறை பேசியது ஆகிய எல்லாம் ஒன்றாக நடந்தன. மூச்சுத்திறன் சோதனை கொடுத்த அச்சம் முந்தைய முயற்சிகளின்போது இல்லை. முன்கூட்டிப் பேட்ச் ஒட்டியதற்கு நான் தரும் முக்கியத்துவம் என் சாய்வாகவும் இருக்கலாம். சிகரெட் 25-இலிருந்து 16-க்கு இறங்கியதும் அச்சம் நீங்கியதும் ஒரே இரண்டு வாரத்தில் நடந்தவை என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும்.

நீடித்த மாத்திரைப் பயன்பாடு பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு அடிமைத்தனத்துக்குப் பதில் இன்னொன்றா என்று கேட்கிறார்கள். நுரையீரல் நலம் பற்றிய நீண்டகால ஆய்வு ஒன்றில் 3,000-க்கும் மேற்பட்டோர் கம் பயன்படுத்தியதை ஐந்தாண்டுகள் கண்காணித்தபோது, அதனால் இதய நோய்க்கான மருத்துவமனைச் சேர்க்கை கூடவில்லை. எனவே இரவு இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை என்பது, இரவு இரண்டு மணிக்கு ஒரு சிகரெட் என்பதைத் தடுக்கிறதென்றால், அது நிற்கும்போது நிற்கட்டும். மூச்சுத்திறன் சோதனையைப் பதினெட்டாம் மாதத்தில் மறுபடி செய்வதாக இருக்கிறோம்.

நோயாளியின் சொற்களில்

இந்த ஆய்வை எழுதுவதற்கு ஒப்புதல் கேட்டபோது, தம் பங்காக எதையேனும் சேர்க்க விரும்புகிறாரா என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கூடுமானவரை அப்படியே தருகிறேன்:

"முதல் தடவை கம் வாங்கினப்போ எப்படி மெல்லணும்னு யாரும் சொல்லல. டப்பாக்குள்ள ஒரு காகிதம் மடிச்சு வச்சிருந்தாங்க. நான் அச்சுத் தொழில்ல இருக்கறவன், பார்த்ததுமே தெரியும், அது ஆறு பாயிண்ட் எழுத்துகூட இருக்காது. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியல. இது சும்மா சூயிங்கம்தானே, இதுல படிக்க என்ன இருக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன். நீங்க அன்னைக்கு வாயில போடச் சொல்லி, கடிக்காதீங்கன்னு சொன்னப்போதான், ஓ, இத்தனை நாளா தப்பா மென்னுருக்கோம்னு தோணுச்சு. போன வாரம் எங்க அச்சகத்துல ஒரு பையன் அதே கம்மை வாங்கி, காபியைக் கையில வச்சுக்கிட்டு மென்னுட்டு நின்னான். கோப்பையை வாங்கிக் கீழ வச்சுட்டு, உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன்."